பின்னறைக்குப் போகாத சூடு

லின்ஃபீல்ட், ஒக்லாண்ட்
18-05-1986

அன்புள்ள கதிர் அண்ணாவுக்கு,

மச்சாளின் பிரஷர் இப்ப இறங்கிவிட்டதா? கறிக்கு உப்பைக் குறைக்கச் சொல்லுங்கோ. இங்கே இவரும் நானும் கௌரியும் ஒரு குறையும் இல்லாமல் இருக்கிறோம். கௌரிக்குப் போன கிழமை எட்டு வயது முடிந்தது. தமிழில் கேட்டால் இங்கிலீஷில்தான் பதில் வருகிறது.

வீட்டு விஷயமாக ஒன்று கேட்கவேண்டும். பெப்ரவரியில் இந்த வீட்டை வாங்கியபோது எழுதினேன் அல்லவா, கட்டினவர் ஒரு இங்கிலீஷ்காரர், தன் நாட்டில் இருந்ததுபோல, சுடுதண்ணீர் ஓடி அறையைச் சூடாக்குகிற ஏழு றேடியேற்றர் வைத்துக் கட்டியிருக்கிறார் என்று. இந்தத் தெருவில் வேறு ஒருவர் வீட்டிலும் அது இல்லை. எங்களுக்கு அது பெரிய பெருமையாக இருந்தது. குளிர் தொடங்கின பிறகு பெருமை போய்விட்டது. எல்லோரும் இருக்கிற லவுஞ்சில் உடுப்பைக் கழற்றி எறியவேண்டும் போலச் சூடு. பின்னறையில் றேடியேற்றரைத் தொட்டால் பச்சைத் தண்ணீர் போத்தல்தான். சூட்டைக் கூட்டிக் கூட்டி இப்போது தெர்மோஸ்ராற் இருபத்தைந்தில் நிற்கிறது. போன மாதக் கேஸ் பில் நூற்றிப்பதினெட்டு டொலர். மோட்கேஜ் கடன் கட்டுகிற வீட்டுக்கு இது தாங்காது.

பின்னறையை இவர் படிக்கிற அறையாக வைத்திருக்கிறார். அதுதான் யோசனை.

நீங்கள் அங்கே ஹீற்றிங் இன்ஜினியர். உங்களை விட்டால் நான் யாரைக் கேட்பது?

மச்சாளுக்கும் என் அன்பைச் சொல்லுங்கோ.

தங்கச்சி
மலர்


லீட்ஸ்
29-05-1986

அன்புள்ள மலருக்கு,

உன் கடிதம் ஒன்பதாம் நாளே வந்துவிட்டது. ரதிதேவிக்குப் பிரஷர் பரவாயில்லை. உப்பைப் பற்றி நீ எழுதியதை வாசித்துக் காட்டினேன். பேச்சு எனக்குத்தான் விழுந்தது. எனக்குக் கொஞ்சம் இருமல், வேறொன்றுமில்லை.

உன் வீட்டுக்கு வந்திருப்பது பெரிய வருத்தமில்லை. தண்ணீர் சோம்பேறி. பொயிலரில் சூடாகி வெளிக்கிட்டால் எந்தப் பாதை சுகமோ அதாலேயே போய்த் திரும்பி வந்துவிடும். கிட்டவுள்ள றேடியேற்றர்கள் அள்ளி எடுக்கும், கடைசியில் உள்ளதற்கு மிஞ்சினதுதான். நீங்கள் தெர்மோஸ்ராற்றைக் கூட்டினால் வேகிறது லவுஞ்ச்தான். பிறகு லவுஞ்ச் ஜன்னலைத் திறப்பீர்கள். திறக்கிறீர்களா, இல்லையா?

ஒவ்வொரு றேடியேற்றருக்கும் இரண்டு பக்கமும் வால்வு உண்டு. ஒன்று கையால் திருப்புவது. மற்றது ஒரு வெள்ளை மூடிக்குள் இருக்கும், ஸ்பானரால்தான் திருப்பலாம். கிட்டவுள்ளவற்றில் அந்த மூடி வால்வை அளவாக ஒடுக்கினால், தண்ணீர் வேறு வழியில்லாமல் தூரத்துக்குப் போகும். இதை இங்கே பலன்ஸ் பண்ணுவது என்கிறோம். இப்போது அதைத் தொடாதே. முதலில் எல்லா றேடியேற்றரிலும் உள்ளே அடைபட்ட காற்றைத் திறந்து விடு. பிறகு வீட்டின் படம் ஒன்று கீறி அனுப்பு. ஒரு கிழமைக்கு, காலையில் வேலைக்கு வெளிக்கிடும்போதும் பின்னேரம் வரும்போதும் கேஸ் மீற்றரைப் பார்த்து எழுது. கேஸ் வேறு எதற்கும் போகிறதா?

உன் வீட்டுக்காரர் தவராசா கிளிநொச்சியில் எட்டு வருஷம் நீர்ப்பாசன இன்ஜினியராக இருந்து வாய்க்காலுக்குத் தண்ணீர் பிரித்த மனிதன். நான் சொல்வதை அவருக்கு வாசித்துக் காட்டினால் அரை நிமிஷத்தில் விளங்கும். அவர் ஏன் இதில் கை வைக்கவில்லை?

அண்ணா
கதிர்காமநாதன்


லின்ஃபீல்ட்
15-06-1986

அன்புள்ள அண்ணா,

உங்கள் இருமலுக்கு மல்லித் தண்ணீர் குடிக்கிறீர்களா? எங்களுக்குத் தும்மல் தடிமன்கூட இல்லை.

ஓம், லவுஞ்ச் ஜன்னல் திறக்கிறோம். வெட்கமாகத்தான் இருந்தது.

காற்று விட்டேன். குசினி றேடியேற்றரில் மட்டும் நிறைய நேரம் சீறியது. பின்னறையில் மாற்றமில்லை. படம் இதோடு இருக்கிறது. பொயிலர் கராஜில், அதற்குக் கிட்ட ஹோல், லவுஞ்சில் இரண்டு, பிறகு குசினி, படுக்கையறை இரண்டு, கடைசியாகப் பின்னறை. கேஸ் வேறு ஒன்றுக்கும் போகவில்லை. சமையலும் குளிக்கிற தண்ணீரும் கரண்டில். பொயிலர் மணிக்கூட்டில் ஓடுகிறது. காலை எட்டுக்கு நின்று, பின்னேரம் ஐந்தரைக்குத் தொடங்கும்.

மீற்றர் எண்கள், காலை எட்டும் பின்னேரம் ஐந்தரையும்: திங்கள் 4127, 4139. செவ்வாய் 4148, 4161. புதன் 4170, 4182. வியாழன் 4191, 4203. வெள்ளி 4212, 4225.

இவருக்கு நேரம் கிடைப்பதில்லை. மனுரேவாவுக்கு வேலைக்குக் கார் ஓடிப் போய் வர இருட்டிவிடும். நான் ஆஸ்பத்திரியில் பைல் அடுக்குகிற வேலைதானே, எனக்கு நேரமிருக்கிறது. வால்வு திருப்புவதை எனக்கே சொல்லித் தாருங்கோ.

அன்புள்ள
மலர்


லீட்ஸ்
26-06-1986

அன்புள்ள மலர்,

சுகமாக இருக்கிறோம். இருமல் நின்றுவிட்டது.

படம் வடிவாக இருக்கிறது. எண்களை இரண்டு முறை பார்த்தேன். நான் ஒரு நாளைக்கு ஐந்து ஆறு வீடு பார்க்கிறவன், இந்த எண்களைத்தான் முதலில் பார்ப்பேன்.

காலை எட்டுக்குப் பொயிலர் நிற்கிறது என்று எழுதியிருக்கிறாய். எட்டுக்கும் ஐந்தரைக்கும் இடையில் ஒவ்வொரு நாளும் பன்னிரண்டு பதின்மூன்று யூனிற் போயிருக்கிறது. இரவு முழுக்கவும் விடியற்காலையும் சேர்த்து ஒன்பதுதான். அடைத்து வைத்த பொயிலர் இப்படிக் கேஸ் குடிக்காது. ஒழுக்கு என்றால் இரவிலும் அதே அளவு போகவேண்டும், வீடும் மணக்கும். ஒழுக்கில்லை.

பகலில் உங்கள் வீட்டில் யார் இருக்கிறது?

அண்ணா


லீட்ஸ்
17-07-1986

அன்புள்ள மலர்,

உனக்கும் பிள்ளைக்கும் சுகம்தானே? மூன்று கிழமையாக உன் கடிதத்தைக் காணவில்லை. ரதிதேவி தபால்காரன் வரும் நேரத்துக்குக் கதவடியில் நிற்கிறாள்.

நான் கேட்டது கூடிப்போச்சென்றால் அதை விட்டுவிடு. வால்வு திருப்புகிற விதத்தைத் தனியாக ஒரு தாளில் எழுதி வைத்திருக்கிறேன். நீ ஒரு வரி போட்டால் அனுப்புகிறேன்.

அண்ணா


ஒக்லாண்ட்
25-07-1986

அன்புள்ள அண்ணா,

இதை வேலையிடத்தில், மத்தியானச் சாப்பாட்டு நேரத்தில் எழுதுகிறேன். மச்சாளை வாசலில் நிற்க வைத்ததற்கு மன்னியுங்கோ. கௌரி நல்ல சுகம். நானும் சுகம்.

பகலில் வீட்டில் இவர் இருக்கிறார்.

மனுரேவாவில் இவர் வேலை செய்த பண்டகசாலையில் ஆட்களைப் பாதியாகக் குறைத்தார்கள். மார்ச் 14, வெள்ளிக்கிழமை, இவருக்கு இனி வேலை இல்லை என்று கடிதம் கொடுத்துவிட்டார்கள். எனக்கு அது தெரியாது. திங்கட்கிழமை வழக்கம்போல வெளிக்கிட்டார். ஒவ்வொரு நாளும் சாப்பாடு கட்டிக் கொடுத்தேன். ஐந்து கிழமை போனார். என் சிநேகிதி மேர்சியின் புருஷன் எமிலைப் பற்றி உங்களுக்குச் சொல்லியிருக்கிறேன், மன்னார்க்காரர், பாபகூராவில் வேலை. அவர்தான் பாபகூரா ஸ்டேஷன் கார்கள் நிற்கிற இடத்தில் எங்கள் காரைக் கண்டிருக்கிறார். இவர் உள்ளே இருந்தாராம். அடுத்த நாளும் இருந்தாராம். மேர்சி வந்து எனக்குச் சொன்னாள்.

நான் கேட்டேன். அன்றைக்குப் பிறகு இவர் வெளியே போகவில்லை. பின்னறையில் கதிரையைப் போட்டு ஓவர்கோட்டோடு இருக்கிறார். பேப்பர் கொண்டுபோய்க் கொடுத்தால் வாங்குவார், விரிப்பதில்லை. கேட்டதற்குப் பதில் ஒரு சொல்லு. ஆரும் வந்தால் கதவு சாத்திவிடுவார். லவுஞ்சில் வந்து இருங்கோ, அங்கே சூடு என்று எத்தனை தரம் சொல்லியாயிற்று. குளிர்ந்தால் எழும்பிப் போய்ச் சூட்டைக் கூட்டக்கூட மாட்டார். அதனால் நான்தான் காலையில் மணிக்கூட்டை மாற்றி, பகல் முழுக்க ஓட விட்டு, இருபத்தைந்தில் வைத்துவிட்டுப் போகிறேன். அந்த அறைக்கு அப்படியும் சூடு போவதில்லை.

உங்களுக்குச் சொல்லவேண்டாம் என்று இவர் கேட்டது ஒன்றுதான். "உம்மட அண்ணன் இன்ஜினியரா இருந்து உழைக்கிற மனுசன். நான் பெட்டி தூக்கினதையே அவருக்கு ஒழுங்காச் சொல்லேல்லை. இதைச் சொல்லாதையும்" என்றார். இரண்டு மாதத்தில் அவர் பேசின ஆகப் பெரிய பேச்சு அதுதான்.

பொய் எண் எழுத எனக்கு வரவில்லை அண்ணா. நீங்கள் பிடிக்கவேண்டும் என்றுதான் சரியான எண்ணை எழுதினேனோ தெரியாது.

மலர்


லீட்ஸ்
06-08-1986

அன்புள்ள மலர்,

நாங்கள் இருவரும் சுகம். நீ சாப்பிடுகிறாயா என்று ரதிதேவி கேட்கச் சொன்னாள்.

மூன்று விஷயம் எழுதுகிறேன். டொக்டரிடம் அவரைக் கூட்டிக்கொண்டு போ. வரமாட்டேன் என்றால் நீ தனியே போய் டொக்டரிடம் சொல். இது சோம்பலும் இல்லை, கெட்ட புத்தியும் இல்லை, வருத்தம். வருத்தத்துக்கு மருந்து இருக்கிறது.

அடுத்தது, தவராசாவுக்கு ஒரு பார்சலும் கடிதமும் தனியாக அனுப்புகிறேன். உடைக்காமல் அவர் கையில் கொடு. அதில் என்ன எழுதியிருக்கிறேன் என்று என்னையும் கேட்காதே, அவரையும் கேட்காதே.

கடைசியாக, நீ வால்வைத் தொடாதே.

அண்ணா


லீட்ஸ்
06-08-1986

அன்புள்ள தவராசா,

கதிர்காமநாதன் எழுதுவது. உங்கள் கல்யாணத்துக்குப் பிறகு உங்களுக்கென்று தனியாக நான் எழுதும் முதல் கடிதம் இது. ஒன்பது வருஷமாகக் கடைசி வரியில் "தவராசாவுக்கும் சுகம் சொல்" என்று போட்டு முடித்துவிட்டேன். அது என் பிழை.

பார்சலில் குழாய் வழிகளை நான் கோடு போட்டுக் காட்டிய மலரின் படமும் இரண்டு தெர்மாமீற்றரும் இருக்கின்றன. குழாயில் கவ்விப் பிடிக்கிற வகை. ஒன்றைத் தண்ணீர் உள்ளே வரும் குழாயிலும் மற்றதைத் திரும்பிப் போகும் குழாயிலும் பூட்டுங்கோ. ஏழு றேடியேற்றரும் முழுக்கத் திறந்திருக்க, பொயிலர் ஒரு மணித்தியாலம் ஓடினபிறகு ஒவ்வொன்றாக எடுத்து எழுதுங்கோ. ஒரு றேடியேற்றருக்குள் தண்ணீர் பதினொரு பாகை அளவில் சூட்டை விட்டுவிட்டுத் திரும்பவேண்டும். ஐந்து பாகைதான் விட்டதென்றால் தேவைக்கு மேலே தண்ணீர் ஓடுகிறது, ஒடுக்கவேண்டும். கால் சுற்றுக்கு மேல் ஒரே தரத்தில் திருப்பவேண்டாம். திருப்பினால் அரை மணி பொறுத்துத்தான் பார்க்கவேண்டும். இங்கே இருந்து இதை நான் செய்ய ஏலாது. எண் பார்த்து முடிவெடுக்கத் தெரிந்த ஆள் அங்கே நீங்கள்தான்.

பலன்ஸ் பண்ணினால் மட்டும் பில் குறையாது. பின்னறை சூடானபிறகு தெர்மோஸ்ராற்றை இருபத்தைந்தில் இருந்து பத்தொன்பதுக்கு இறக்குவீர்கள் பாருங்கோ, அதில்தான் குறையும்.

மலர் எனக்கு எழுதிவிட்டாள். அவளைக் கோவிக்கவேண்டாம். மீற்றர் எண்ணைப் பார்த்து நானே கேட்டேன்.

இனி என் கதை. நான் 75-இல் இங்கே வந்தேன். கொழும்பில் எடுத்த டிப்ளோமாவை ஒருவரும் திரும்பிப் பார்க்கவில்லை. பதினான்கு மாதம் வேலையில்லை. பிறகு ஒரு பொயிலர் பட்டறையில் கூட்டித் துடைத்தேன். அதற்குப் பிறகு குழாய் பொருத்தப் பழகினேன். இன்றைக்கும் அதுதான் செய்கிறேன். இந்த நாட்டில் குழாய் பொருத்துகிறவனையும் ஹீற்றிங் இன்ஜினியர் என்றுதான் கூப்பிடுவார்கள். ஊரில் எங்கள் ஐயாவுக்கு அந்தச் சொல்லை மட்டும் எழுதினேன். அந்தச் சொல்லுக்குப் பின்னால் பதினொரு வருஷம் ஒளித்திருக்கிறேன். உங்கள் கல்யாணம் பேசினபோது, மாப்பிள்ளையும் இன்ஜினியர், மச்சானும் இன்ஜினியர் என்று ஐயா ஊருக்குச் சொன்னவர். நீங்கள் படித்துப் பட்டம் வாங்கின இன்ஜினியர். நான் இல்லை. ரதிதேவிக்குத் தெரியும். மலருக்குத் தெரியாது.

எண்களை அனுப்புங்கோ. உடம்பைப் பாருங்கோ.

இப்படிக்கு
கதிர்காமநாதன்


லின்ஃபீல்ட்
31-08-1986

அன்புள்ள அத்தான்,

நீங்களும் அக்காவும் சுகமாக இருக்க வேண்டும். பார்சல் 16ஆம் திகதி கிடைத்தது. தெர்மாமீற்றர் இரண்டும் உடையவில்லை. ஒன்று மற்றதைவிட ஒரு பாகை கூடக் காட்டுகிறது, கழித்து எழுதியிருக்கிறேன்.

வரும் தண்ணீர், திரும்பும் தண்ணீர்: ஹோல் 75, 71. லவுஞ்ச் முதலாவது 75, 70. இரண்டாவது 74, 69. குசினி 73, 68. படுக்கையறை ஒன்று 66, 57. மற்றது 64, 54. பின்னறை 41, 29.

பின்னறைக்குப் பொயிலரில் இருந்து தனிக் குழாய் போகிறது என்று நினைத்து மலரின் படத்தில் நீங்கள் கோடு போட்டிருந்தீர்கள். அது பிழை. வீட்டுக்கு அடியில் தவழ்ந்துபோய்ப் பார்த்தேன். அது குசினிக் குழாயில் இருந்து பிரிகிறது, அதுவும் அரை அங்குலக் குழாய். ஆகவே குசினியைத்தான் முதலில் ஒடுக்க வேண்டும், லவுஞ்சை அல்ல. வாய்க்காலின் தலைப்பில் உள்ளவன் மடையை முழுக்கத் திறந்தால் வாலில் உள்ளவனுக்கு வராது. இரணைமடுக் குளத்து வாய்க்காலில் இதற்காக மண்வெட்டியோடு அடிபட வந்தவர்களைப் பார்த்திருக்கிறேன்.

உங்கள் கடிதத்தின் மிச்சப் பகுதிக்கு இப்போது பதில் எழுத முடியவில்லை.

இப்படிக்கு
தவராசா


லின்ஃபீல்ட்
14-09-1986

அன்புள்ள அண்ணாவுக்கும் மச்சாளுக்கும்,

இரண்டு பேரும் சுகமாக இருப்பீர்கள் என்று நினைத்துக்கொண்டு எழுதுகிறேன். மச்சாளிடம் சொல்லுங்கோ, நான் சாப்பிடுகிறேன்.

பார்சல் வந்து நான்கு நாள் மேசையில் கிடந்தது. ஐந்தாம் நாள் நான் வேலையால் வந்தபோது இவர் ஹோலில் முழங்காலில் நின்றுகொண்டிருந்தார். கையில் கொப்பி. என்னை நிமிர்ந்து பார்க்காமலே, "கதவைச் சாத்தும், காத்து வருது, எண் மாறும்" என்றார். நான் சாத்தினேன். அந்தக் கிழமை முழுக்க ஒவ்வொரு அறையாகப் போனார். நான்கு மாதமாகக் கால் வைக்காத அறைகள். கௌரி அறைக்குள் போனபோது பிள்ளை படுக்கையை விட்டு இறங்கி இடம் விட்டாள்.

பிறகு போன சனிக்கிழமை ஒரு காரியம் நடந்தது. குசினி வால்வை இவர் திருப்ப, அதன் நட்டு பழையது, இளகிவிட்டது. மை போலக் கறுத்த தண்ணீர் பீய்ச்சி அடித்தது. "மலர், பொயிலரை நிப்பாட்டும், ஓடிப் போம்" என்று கத்தினார். நிப்பாட்டிவிட்டு ஓடி வந்தால், இவர் தரையில் இருந்து வால்வைத் துணியால் சுற்றி இரண்டு கையாலும் பொத்திக்கொண்டிருக்கிறார். கையை எடுத்தால் வீடு முழுக்கத் தண்ணீர். நான் பொயிலரில் தோட்டத்து ரப்பர் பைப்பைப் பூட்டி, உள்ளே இருந்த தண்ணீரை வெளியே வடிய விட்டேன். அது வடிந்து முடிய முக்கால் மணித்தியாலம். இவரால் எழும்ப ஏலாது. நான் கேக் தட்டை வைத்து ஒழுகுவதை ஏந்திக்கொண்டு பக்கத்தில் இருந்தேன்.

அப்போதுதான் சொன்னார். வால்வைப் பார்த்துக்கொண்டு சொன்னார்.

"எமில் வந்து கார்க் கண்ணாடியில தட்டினவர். நான் பேப்பரைத் தூக்கி முகத்தை மறைச்சன். ஆர் எண்டு தெரியும். அவருக்கும் என்னைத் தெரியும். கொஞ்ச நேரம் நிண்டுபோட்டுப் போயிட்டார். அதுக்குப் பிறகு எனக்கு ஒருத்தற்ற முகமும் பாக்க ஏலாமப் போச்சு. உம்மட முகமும்."

தட்டு நிரம்பினது, ஊற்றிவிட்டு வந்து மறுபடி வைத்தேன். "டொக்டரிட்டை வாறன்" என்று தானாகச் சொன்னார்.

செவ்வாய்க்கிழமை போனோம். டொக்டர் பொறுமையாகக் கேட்டார். குளிசை தந்திருக்கிறார், மாதத்தில் இரண்டு தரம் வரச் சொன்னார். எல்லாம் சரியாகிவிட்டது என்று எழுத மாட்டேன். நேற்று மறுபடி பின்னறைக்குள் போய் மத்தியானம் வரைக்கும் இருந்தார். ஆனால் கதவு சாத்தவில்லை.

நட்டுக்கு ஒரு பிளம்பர் வந்து புதுசு போட்டார். குசினித் தரை விரிப்பில் கறுப்பு போகாது. பின்னறையில் இப்போது வருவது 68, திரும்புவது 57. தெர்மோஸ்ராற் பத்தொன்பதில் நிற்கிறது, ஜன்னல் பூட்டியிருக்கிறது, பகலில் பொயிலரை நிப்பாட்டுகிறோம். ஓகஸ்ட் பில் நூற்றிநாற்பது. இந்த மாதம் எண்பதுக்குள் வரும் என்று இவர் கணக்குப் பார்த்தார். வெயிலும் வரத் தொடங்கிவிட்டதால் எல்லாப் புகழையும் வால்வுக்குக் கொடுக்கக் கூடாதாம்.

அன்புள்ள
மலர்


லின்ஃபீல்ட்
05-10-1986

அன்புள்ள அத்தான்,

வணக்கம். எனக்கு இப்போது நித்திரை வருகிறது. குளிசையால் வாய் காய்கிறது, மற்றபடி உடம்புக்கு ஒன்றுமில்லை. அக்காவையும் உங்களையும் மலர் ஒவ்வொரு நாளும் கதைக்கிறாள்.

பில் வந்தது. எழுபத்தாறு டொலர். போன வருஷம் இதே மாதத்தில் வீட்டின் பழைய சொந்தக்காரர் கட்டின பில்லைத் தேடி எடுத்தேன், அறுபத்தெட்டு. அவருக்கு இந்த வீட்டின் குணம் தெரிந்திருக்கிறது. இன்னும் எட்டு டொலர் எங்கே போகிறது என்று அடுத்த வருஷம் பார்க்கிறேன்.

போன ஞாயிற்றுக்கிழமை எமில் வீட்டுக்குப் போனேன். தனியாகத்தான் போனேன். மன்னிப்புக் கேட்டேன். "நான் இன்னொருக்காத் தட்டியிருக்க வேணும்" என்று அவர் சொன்னார். மேர்சி என்னைச் சாப்பிடாமல் போக விடவில்லை.

முந்தநாள் தொடக்கம் வேலைக்குப் போகிறேன். மனுரேவாவில் வடிகால் குழாய் தாழ்க்கிற ஒரு கொந்திராத்துக்காரர், கிழமைக்கு மூன்று நாள். கிடங்கு வெட்டுவதும் மட்டம் பிடிப்பதும். கடதாசியில் என் வேலையின் பெயர் லேபரர். அப்படியே கௌரிக்கும் சொன்னேன். பள்ளிக்கூடத்தில் அப்பாவின் தொழில் என்று கேட்டால் அதையே எழுதச் சொன்னேன். இதைச் செய்ய எனக்கு உங்கள் கடிதம் தேவைப்பட்டது. பதினேழு தரம் வாசித்தேன்.

அதை மலருக்குக் காட்டவில்லை. அவள் கேட்கவுமில்லை. ஆனால் அவள் இன்னும் தன் ஆஸ்பத்திரிச் சிநேகிதிகளுக்கு, என் அண்ணா லீட்ஸில் இன்ஜினியர் என்று சொல்லிக்கொண்டிருக்கிறாள். நான் பக்கத்தில் நிற்கும்போதும் சொல்கிறாள். அத்தான், அந்த நேரத்தில் நான் உங்களுக்காகத் தலையைக் குனிகிறேன். எனக்காக இத்தனை தூரம் வந்தவர் நீங்கள். அவளுக்கு நீங்களே எழுதிவிடுங்கோ.

அன்புள்ள
தவராசா


லீட்ஸ்
15-10-1986

அன்புள்ள மலர்,

நீயும் தவராசாவும் கௌரியும் சுகமாக இருக்கிறீர்கள் என்பது இந்த முறை நிச்சயமாகத் தெரிந்துகொண்டு எழுதுகிறேன். எங்களுக்கும் குறைவில்லை.

இந்தக் கடிதத்தை நான்கு தரம் தொடங்கிக் கிழித்தேன். ரதிதேவி இப்போது பேனாவைத் தந்துவிட்டு எதிரே இருக்கிறாள், எழுதி முடியும் வரை தேத்தண்ணி இல்லையாம்.

மலர், நான் இன்ஜினியர் இல்லை. ஒருநாளும் இருந்ததில்லை. பொயிலருக்குக் குழாய் பொருத்துகிற வேலை செய்கிறேன். நீல வேலை உடுப்புப் போட்டு, கையில் பெட்டியோடு, வீட்டுக்காரரின் பின்கதவால் உள்ளே போகிற வேலை. ஐயாவுக்குச் சொல்லவில்லை. 81-இல் அவர் கண்ணை மூடினபோது அந்தப் பொய்யோடுதான் மூடினார். அந்தச் செத்தவீட்டுக்கு லீவு கிடைக்கவில்லை என்று உங்களுக்குத் தந்தி அடித்தேன். லீவு தந்தார்கள். டிக்கற்றுக்குக் காசில்லை. இன்ஜினியருக்கு எப்படிக் காசில்லாமல் போகும் என்று நீங்கள் கேட்பீர்கள் என்று வரவில்லை.

நான் செய்கிறதை நன்றாகச் செய்கிறேன். அதையும் நீ தெரிந்துகொள்ளவேண்டும்.

நாளைக்குக் காலை ஏழு மணிக்கு ஒரு கிழவியின் வீட்டில் வேலை. இங்கே குளிர் தொடங்கிவிட்டது, அவளுக்கு மேல் மாடியில் சூடு ஏறவில்லையாம்.

இனி உன் சிநேகிதிகள் கேட்டால் சரியாகச் சொல்லு.

அண்ணா
கதிர்காமநாதன்